வடலூர் அடுப்பும் வாடிய மனமும்

கடலூர் மாவட்டத்து வடலூரில் 1867இல் வள்ளலார் பசித்தோர்க்குச் சோறிட மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த அவர், ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் நூலில் பசியின் கேட்டை விவரிக்கையில் வயிற்றோடு நிற்பதில்லை. அறிவு மயங்குவதையும் மனம் தடுமாறுவதையும் சேர்த்தே சொல்கிறார். பின்வந்த மருத்துவமோ மனச்சோர்வைப் பெரும்பாலும் மூளைக்குள்ளேயே தேடியது. அது குறுகிய பார்வைதான் என்பேன். மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளையே பாருங்கள்: உடலில் உள்ளதில் சுமார் 90 விழுக்காடு குடலில் உற்பத்தியாகிறது. அது மூளைக்குள் புகாதே என்பார்கள். சரிதான், ஆனால் வேகஸ் நரம்பு வழியே குடலின் சேதி மேலே போகிறதே! 2019இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்று, மனச்சோர்வுள்ளோர் குடலில் கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் பாக்டீரியாக்கள் குறைந்திருக்கக் கண்டது. குறைவு காரணமா, விளைவா என்பது தீராத வழக்கு. பசி வேறு, பாக்டீரியா வேறு என்பதும் நியாயமே. வள்ளலாரை நுண்ணுயிரியலாளர் ஆக்க வேண்டாம். சாதி, மதம் பாராமல் சோறிட அவர் காட்டிய காரணங்களில் மனமும் ஒன்று என்றால் போதும்.