ஆட்டுக்கிடை (காரைக்கால்)

அறுவடை முடிந்த வயலில் இரவு முழுதும் ஆடுகளை அடைத்துவைத்து, புழுக்கையும் மூத்திரமும் நிலத்திலேயே விழும்படி செய்யும் எருவிடும் முறை ஆட்டுக்கிடை. காரைக்காலிலும், அதைச் சூழ்ந்த நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களிலும் கோடையில் கிடை போடுவது வழக்கம்.

ஆடுகள் உள்ளூர் ஆடுகள் அல்ல. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரி டெல்டாவுக்கு வருகிறார்கள். மந்தைக்குத் தலைவர் கீதாரி. சம்பா அறுத்து, தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் எடுத்த பின், உழவர்கள் அவரிடம் பேசிக் கிடையை அமர்த்துவார்கள். பகலில் தாளடி மேய்ச்சல். இரவில் வலைப்பட்டிக்குள் அடைப்பு. மறுநாள் பட்டி அடுத்த இடத்துக்கு நகரும். கூலி முன்பு நெல்லாக இருந்தது; இப்போது பணம்.

காரைக்காலுக்கு இது பொருந்துவதற்குக் காரணம், அது காவிரிப் பாசனத்தின் கடைமடை. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு இப்பகுதிக்கு ஒதுக்கிய நீர் 7 டி.எம்.சி. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் அரசலாற்றின் கடைசி வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தாமதமாகத்தான் எட்டும். நிலம் நெடுநாள் சும்மா கிடக்கிறது. கிடைக்கு அது வாய்ப்பு.

சத்திலும் ஆட்டெரு உயர்ந்தது. தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடு, ஆட்டெருவில் 3 வரை. மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 விழுக்காடு. ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில்தான் தரும் என்று உழவர்கள் சொல்வது இதனால்தான். தொழுவத்தில் வீணாகும் மூத்திரமும் கிடையில் மண்ணுக்கே சேர்கிறது. வண்டிக்கூலியும் இல்லை. குப்பை அடித்து இறைக்கும் ஆள்செலவோடு ஒப்பிட்டால் இந்த மிச்சம் பெரிது.

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்சில் எரு வேறு வகையில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் காய்கறித் தோட்டக்காரர்கள் நகரத்து லாயங்களின் குதிரைச் சாணத்தைப் பாத்திக்கு அடியில் பரப்பி, அது மக்கும் சூட்டில் குளிர்காலத்திலும் கீரை வளர்த்தார்கள். காரைக்காலின் கடலோர வெயிலில் அந்தச் சூடு தேவையில்லை, சத்துதான் தேவை.

ஆட்டெருவில் ஒரு குறை உண்டு. சீமைக் கருவேலங்காய் தின்ற ஆடுகளின் புழுக்கையில் அதன் விதை சாகாமல் வந்து முளைக்கும். வயலில் உழவு அதை அழித்துவிடும். மல்லிகைக்கும் முருங்கைக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் புழுக்கை வாங்குபவர்கள் ஈரமாகக் குவித்து, சூடேறி மக்கிய பிறகே இட வேண்டும்.

கிடை பெயர்ந்ததும் தாமதமின்றி நிலத்தை உழுதுவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் மூத்திரத்தின் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.