நட்டக் கணக்கில் வளர்ந்த சிறுகதை

தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுபவர்கள் எழுத்தாளர் வரிசையைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதைகளை அச்சிட்டதில் யார் கையைக் கடித்தது என்ற கணக்கு அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. அரசியல் வார இதழாக 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கான இதழானது. புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று இன்று பல்கலைக்கழகப் பாடத்தில் இருப்பவர்கள் அதில் எழுதினார்கள். பத்தாண்டுகூட அந்த இதழ் தாக்குப்பிடிக்கவில்லை.

வணிக இதழ்கள் சிறுகதையைப் புறக்கணித்தன என்று ஒரேயடியாகச் சொல்வது நியாயமல்ல. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில்தான் வந்தது. ஆனால் வணிக இதழுக்குக் கதை என்பது பக்கத்தை நிரப்பும் பல சரக்குகளில் ஒன்று. வாசகரின் கவனம் தொடர்கதைக்கும் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நகர்ந்தபோது கதைக்கான பக்கங்கள் சுருங்கின. ஒரு பக்கக் கதை வந்தது. ஆகவே கேள்வி வணிகம் நல்லதா கெட்டதா என்பதல்ல. விற்காத ஆண்டுகளிலும் சிறுகதையை வெளியிட்டுக்கொண்டிருப்பது யார் என்பதே.

தமிழில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்தினார். அதே 1959இல் ‘எழுத்து பிரசுரம்’ வழியே தம்முடைய ‘வாடிவாசல்’ குறுநாவலையும் வெளியிட்டார். புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். இன்று ‘வாடிவாசல்’ காலச்சுவடு வெளியீடாகப் பல பதிப்புகள் கண்டு, ஆங்கிலத்துக்கும் போய், சித்திரக் கதையாகவும் வந்துவிட்டது. முதல் போட்டவர் 1998இல் காலமானார். இலக்கிய முதலீடு பலன் தர அரை நூற்றாண்டு ஆகலாம். எந்த வங்கியும் அவ்வளவு காலம் பொறுக்காது.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா செய்ததும் இதே வகை வேலை. முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்த சிறுகதையாளர் அவர். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, போரும் இடப்பெயர்வும் கடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அவரே விற்றார். பிறகு ‘மல்லிகைப் பந்தல்’ பதிப்பகமும் வந்தது. இவற்றையெல்லாம் தியாகம் என்று போற்றி மேடையில் பொன்னாடை போர்த்துவது நம் வழக்கம். அந்தப் போற்றுதலில் ஒரு சௌகரியம் இருக்கிறது: தியாகி என்று சொல்லிவிட்டால் சந்தா கட்ட வேண்டியதில்லை.

லாபம் கருதாத பதிப்பு தமிழில் எப்போதும் இருந்தது. அதைத் தாங்கும் நிறுவனம்தான் அபூர்வம். நெருங்கி வந்த முயற்சிகளில் ஒன்று, 1960களின் நடுவில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ‘வாசகர் வட்டம்’. உறுப்பினர்கள் முன்கூட்டியே பணம் கட்டினார்கள். புத்தகங்கள் அவர்களுக்குச் சலுகை விலையில் கிடைத்தன. புத்தகம் அச்சேறும் முன்பே ஒரு பகுதி விற்றுப்போனது என்பதே இதன் பொருள். அந்தத் துணிச்சலில்தான் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ வந்தது. இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்ப் படைப்புகளைத் திரட்டிய ‘அக்கரை இலக்கியம்’ போன்ற தொகுப்பும் வந்தது. கடைக்காரர் தயவை நம்பியிருந்தால் இரண்டாவது நூலை யோசித்தே பார்த்திருக்க முடியாது.

கேரளத்தைப் பார்த்தால் வேறுபாடு உறைக்கும். 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலுடன் ‘சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்க’த்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால் தலைவர். செயலாளராக இருந்த காரூர் நீலகண்ட பிள்ளை மலையாளத்தின் முதன்மையான சிறுகதையாளர்களில் ஒருவர், பள்ளி ஆசிரியர். சங்கம் எழுத்தாளருக்கு 30 விழுக்காடு உரிமத்தொகை கொடுத்தது. தமிழில் 10 விழுக்காட்டை ஒழுங்காகக் கொடுத்தாலே பதிப்பாளருக்கு நல்ல பெயர். பின்னாளில் சங்கம் தளர்ந்தது, உண்மைதான். அங்கிருந்து விலகிய டி.சி. கிழக்கேமுறி 1974இல் டி.சி. புக்ஸைத் தொடங்கினார். ஆனால் தளர்வதற்குள் மலையாள வாசகப் பரப்பு ஒன்று உருவாகியிருந்தது.

தமிழ்நாட்டில் நீடித்த அமைப்புக்கு உதாரணம் ‘இலக்கியச் சிந்தனை’. 1970 முதல் மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளில் ஒன்றைத் தேர்ந்து, ஆண்டின் 12 கதைகளைத் தொகுத்து, பரிசுபெற்ற கதையின் பெயரிலேயே நூலாக்குவது அதன் ஏற்பாடு. பெரிய பணம் தேவைப்படாத, ஆனால் நாள் தவறாத வேலை. ஒரு காலத்தின் சிறுகதைப் போக்கை அறிய ஆய்வாளர்கள் இன்று அந்தத் தொகுப்புகளைத்தான் தேடிப் போகிறார்கள்.

இனி இப்படிப்பட்ட பதிப்பகம் ஒன்றை அறக்கட்டளையாகவே தொடங்கினால் என்ன? சட்டம் குறுக்கே நிற்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2015இல் வந்த வரம்பின்படி, பொதுப்பயன் நோக்கில் இயங்கும் அறநிறுவனத்தின் வணிக வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புத்தகம் விற்பதையே வேலையாகக் கொண்ட அமைப்புக்கு இது இடைஞ்சல். விற்பனை கூடினால் வரிவிலக்குக்கு ஆபத்து! இலக்கியப் பதிப்பை இந்த வரம்பிலிருந்து விலக்கக் கோருவது, இன்னும் நான்கு விருதுகள் கேட்பதைவிடப் பயனுள்ள கோரிக்கை.

அரசு நல்கையை மட்டும் நம்புவதும் ஆபத்து. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய கிரேவுல்ஃப், 1994இல் கென்டக்கியில் தொடங்கிய சாராபண்ட் போன்ற லாப நோக்கற்ற பதிப்பகங்கள் சிறுகதைத் தொகுப்புகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. விற்பனையோடு நன்கொடையும் நல்கையும் அவற்றைத் தாங்குகின்றன. 2025 மே மாதம் அந்நாட்டின் தேசியக் கலை நிதியம் சிறு பதிப்பகங்கள் பலவற்றுக்கான நல்கையைத் திடீரென ரத்து செய்தபோது, வாசகர் நன்கொடையின் அருமை புரிந்தது. அரசு நூலகங்களின் கொள்முதல் ஆணை தாமதமானால் மூச்சுத் திணறும் தமிழ்ப் பதிப்பாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அச்சுச் செலவு இப்போது பழைய பூதமல்ல. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50, 100 பிரதிகளோடு ஒரு தொகுப்பைக் கொண்டுவரலாம். அதனால்தான் புத்தகக் கண்காட்சியில் சிறுகதைத் தொகுப்புகள் குவிகின்றன. அவற்றில் பல, செம்மையாக்குநரின் கை படாதவை. ஒரே சொல் ஒரு பத்தியில் மூன்று முறை வருகிறது. முடிந்துவிட்ட கதைக்குப் பிறகும் ஒரு பக்கம் ஓடுகிறது. குறை எழுத்தாளருடையது மட்டுமல்ல, படித்துத் திருப்பியனுப்ப ஆளில்லை. உதவி செய்ய நினைப்பவர்கள் அச்சுக்கூலியைத் தருவதைவிட, செம்மையாக்குநருக்கு ஓராண்டுச் சம்பளத்தையும் இதழில் எழுதுபவருக்குச் சன்மானத்தையும் தரலாம். வாசகர் செய்யக்கூடியது இன்னும் எளிது: பிடித்த சிற்றிதழுக்கு இந்த ஆண்டுச் சந்தாவை இதழ் வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள்.