ஹாம் ரேடியோவுக்குப் போட்ட வேலி

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய நாட்களில் வானலையில் நிலவிய குழப்பத்துக்கு, வீட்டு மாடியில் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்த அமெச்சூர்கள், அதாவது ஹாம்கள் மீதும் பழி விழுந்தது. ஆகஸ்ட் 13 அன்று அதிபர் டாஃப்ட் கையெழுத்திட்ட அமெரிக்க வானொலிச் சட்டம், அவர்களை 200 மீட்டருக்கு மேற்படாத அலைநீளத்துக்கும் ஒரு கிலோவாட் மின்சக்திக்கும் உள்ளே அடைத்தது. நீண்ட அலைதான் தூரம் போகும் என்பது அன்றைய நம்பிக்கை. 200 மீட்டருக்குக் கீழே இருந்ததோ யாரும் சீந்தாத பொட்டல்காடு.

அந்தப் பொட்டலில்தான் விளைந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரமடித்து, ஹெட்போனும் குளிருமாக உட்கார்ந்து கனெக்டிகட் மாநிலத்து அமெச்சூர் நிலையம் ஒன்றின் குறிகளைக் கேட்டுவிட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலுவாவும் ஹார்ட்ஃபோர்டின் ஃபிரெட் ஷ்னெல்லும் 100 மீட்டரை ஒட்டிய அலையில், அட்லாண்டிக்கின் இரு கரையிலிருந்து மோர்ஸில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் கேட்பானேன்! கப்பல் கம்பெனி, ராணுவம், ஒலிபரப்பு நிலையம் என்று ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள். 1927 வாஷிங்டன் வானொலி மாநாட்டில் அமெச்சூர்களுக்கு 160, 80, 40, 20, 10, 5 மீட்டர் என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

இதில் ஒரு சங்கடம். முன்பு ஒரு பக்கம் மட்டுமே வேலி. இனி இரு பக்கமும். தான் எங்கே நிற்கிறோம் என்று ஆபரேட்டருக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரை ஒரே அதிர்வெண்ணில் பிடித்து நிறுத்தும் குவார்ட்ஸ் படிகத் தகடு கைகொடுத்தது. தகடு மெலிந்தால் அதிர்வெண் ஏறும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எஃப்டி-243 படிகங்கள் ராணுவ உபரிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. வேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கும் படிகத்தை வாங்கி, கண்ணாடித் துண்டில் அரைப்புத்தூளைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, விரல் நுனியால் அழுத்தித் தேய்ப்பார்கள். கழுவி, துடைத்து, செருகிப் பார்ப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். கொஞ்சம் மிஞ்சிவிட்டால் பென்சிலால் தகட்டில் கிறுக்கி அதிர்வெண்ணை ஒரு துளி இறக்குவதும் உண்டு. எல்லை மீறாமல் இருப்பது அன்று கைவேலை.

மைக்ரோபிராசசர் வந்ததும் அந்தப் பொறுப்பு செட்டுக்குள் போய்விட்டது. 2 மீட்டர் பட்டை அமெரிக்காவில் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை; ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 146-உடன் சரி. நாட்டுக்கொரு போர்டு செய்தால் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது. ஒரே போர்டில், இன்ன நாட்டுக்கு இன்ன எல்லை என்று சில டயோடுகளோ ஜம்பர் கம்பிகளோ பிராசசருக்குச் சொல்லிவிடும். மிளகு அளவு டயோடு ஒன்றை வெட்டினால் வேலி திறந்துவிடும் என்பது ஹாம்களுக்குள் சீக்கிரமே பரவியது. திறக்க முடிகிறது என்பதாலேயே அங்கே பேச உரிமை வந்துவிடாது. வெட்டியவர்களில் பலர் இதை வசதியாக மறந்தார்கள்.

வெட்டியவர்கள் எல்லாரும் திருடர்களும் அல்லர். 1979 ஜெனீவா மாநாடு அமெச்சூர்களுக்கு 10, 18, 24 மெகாஹெர்ட்ஸில் புதுப் பட்டைகள் ஒதுக்கியது. கம்பெனிகள் முந்திக்கொண்டு அவற்றையும் செட்டில் சேர்த்தன. டிரான்ஸ்மிட்டை மட்டும் பூட்டி வைத்தன. அமெரிக்காவில் 10 மெகாஹெர்ட்ஸ் 1982-லும், 24 1985-லும், 18 1989-லும் திறந்தன. அனுமதி வரும்போதெல்லாம் சட்டப்படி மூடியைக் கழற்றி, கட்டிங் பிளேயரோடு உள்ளே குனிந்தவர்கள் ஏராளம்.