கணக்கில் ஓடும் மின்சாரம்

2002 அக்டோபர் 12, சனிக்கிழமை, நெய்வேலிக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். காவிரியில் தண்ணீர் விட மறுக்கும் கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக் கூடாது என்பது கோரிக்கை. பாரதிராஜா முன்னின்று நடத்திய பேரணி. ரஜினிகாந்த் அதில் கலந்துகொள்ளாமல் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். அதனால் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் யார் வந்தார், யார் வரவில்லை என்பதைத்தான் பேசுகிறார்கள். கோரிக்கையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

நான் அப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் ஆண்டு. லீவுக்கு வந்திருந்தவன், ஊரோடு ஊராகக் கூட்டம் பார்க்கப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை.

"ஏம்பா, நிஜமாவே கர்நாடகாவுக்குப் போற கரண்ட்ட நிறுத்த முடியுமா?"

"எந்தக் கம்பியில போகுதுன்னு சொல்லு, நிறுத்திடலாம்" என்றார்.

சேலம் லைன் இருக்கிறதே, அங்கிருந்து பெங்களூருக்குப் போகிறதே என்றேன். "போகுது. இங்க உற்பத்தி ஆகறது பக்கத்துல யார் ஸ்விட்ச் போட்டிருக்கானோ அவன்கிட்டதான் முதல்ல போகும். கர்நாடகா பங்குங்கறது கரண்ட் இல்லடா, கணக்கு" என்றபடி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்கு அன்று தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

நெய்வேலியின் முதல் சுரங்க வேலையை 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓட ஆரம்பித்து, படிப்படியாக 600 மெகாவாட்டுக்கு வளர்ந்தது. அதன் மின்சாரம் முழுவதும் தமிழ்நாட்டுக்கு. ஒரு விற்பவர், ஒரு வாங்குபவர்; கணக்கு எளிது. 1986இல் இரண்டாம் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியபோது சிக்கல் ஆரம்பித்தது. ஏழு அலகுகள், தலா 210 மெகாவாட். இது தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மத்திய நிலையம். பங்கு பிரிக்க ஒரு சூத்திரம் இருந்தது, காட்கில் பெயரால் சொல்வார்கள்: 15 சதவீதம் மத்திய அரசின் கையில், 10 சதவீதம் நிலையம் இருக்கும் மாநிலத்துக்கு, மீதி 75 சதவீதம் மத்திய உதவியின் அளவையும் முந்தைய ஐந்தாண்டு மின்பயன்பாட்டையும் பார்த்து மாநிலங்களுக்கு. நிலம் கொடுத்ததற்கான மரியாதை அந்தப் பத்து சதவீதம்தான்.

பங்கு என்பது உரிமை மட்டும். அன்றன்றைக்கு யாருக்கு எவ்வளவு என்பது வேறு வேலை. நாளைக்கு எவ்வளவு தர முடியும் என்று ஒவ்வொரு நிலையமும் முந்தின நாளே சொல்லும். அதில் தன் பங்கிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலமும் எழுதிக் கேட்கும். இரண்டையும் பொருத்தி, கம்பிகள் தாங்குமா என்று பார்த்து, நாளை 96 கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு இத்தனை மெகாவாட் என்று ஓர் அட்டவணை போடுவார்கள். இதைப் போடும் தென்மண்டல மின்சுமை அனுப்புகை மையம் இருப்பது பெங்களூரில், ரேஸ் கோர்ஸ் பக்கத்தில். நெய்வேலியில் அத்தனை பேர் கூடி நிறுத்தச் சொன்ன 'கர்நாடகத்துக்குப் போகும் மின்சாரம்' உண்மையில் கர்நாடகத் தலைநகரில் எழுதப்பட்ட ஒரு பட்டியலில் ஒரு வரி. இது தெரிந்து நான் வெகுநேரம் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அது தினசரி போன்.

அந்தப் பட்டியலை அன்று யாரும் பெரிதாக மதித்ததும் இல்லை. மின்சாரத்தைக் குடோனில் போட்டு வைக்க முடியாது. தேவை உற்பத்தியை மிஞ்சினால் எல்லா இயந்திரங்களும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும், வினாடிக்கு 50 சுற்று என்பது குறையும். நெய்வேலி டர்பைனும் ராய்ச்சூர் டர்பைனும் இடுக்கியின் நீர்ச் சக்கரமும் ஒரே தாளத்தில் பூட்டப்பட்டவை. ஒன்று தளர்ந்தால் எல்லாம் தளரும். தொண்ணூறுகளின் கடைசியில் தென்னிந்தியாவின் அதிர்வெண் 48.5க்கும் கீழே கிடந்த நாட்கள் ஏராளம். சாயங்காலத்தில் எல்லா மாநிலமும் தன் பங்குக்கு மேல் இழுக்கும். ராத்திரியில் யாருக்கும் வேண்டாம், ஆனால் நிலையங்கள் குறைக்காது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று காசு வரும்போது எவன் குறைப்பான்? கூடுதலாக இழுத்தவனுக்கும் அதே விலை. பெங்களூரிலிருந்து போன் வரும், கெஞ்சுவார்கள், கடிதம் எழுதுவார்கள்.

பேரணி நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2003 ஜனவரி 1 அன்று தென்மண்டலத்தில் புதிய கட்டண முறை வந்தது. ஏபிடி என்பார்கள். பானு பூஷண் என்ற பொறியாளரின் பெயர் இதோடு சேர்ந்தே வரும். கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொண்டால் விளங்கும். மண்டபத்தை உங்களுக்கென்று ஒதுக்கிவைத்ததற்கு வாடகை, நீங்கள் சமைத்தாலும் சமைக்காவிட்டாலும். சொல்லிவைத்த இலைக்கு இலைக் கணக்கு. சொல்லாமல் கூடுதலாக உட்கார்ந்த பந்திக்குத் தனி விலை, அதுவும் அந்த நேரத்தில் சமையலறையில் எவ்வளவு நெருக்கடியோ அதற்குத் தக்கபடி. இந்த மூன்றாவது விலையை அதிர்வெண்ணே தீர்மானித்தது: 50.5 ஹெர்ட்ஸில் பூஜ்யம், இறங்க இறங்க ஏறி, 49க்கு யூனிட் 4 ரூபாய் 20 காசு. தட்டுப்பாடான நேரத்தில் தன் பங்கை எடுக்காமல் விட்டவனுக்கு அதே விலையில் பணம் வரும். கெஞ்சலுக்குப் பதில் பில். சில வாரங்களிலேயே மீட்டர் முள் ஒழுங்காக நிற்க ஆரம்பித்ததை அப்பா ஒரு அதிசயம் மாதிரி வீட்டில் சொன்னார். அவர் அதிசயப்பட்டு நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

இதே 2002இல், ஏப்ரலில், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ராஜ்குமார் புய்யா ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்திருந்தார். அதற்கு முன் பெங்களூர் சி-டாக்கில் வேலை பார்த்தவர். பல நாடுகளில், பல முதலாளிகளிடம் சிதறிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை ஒரே தொகுப்பாகப் பயன்படுத்தும்போது யாருடைய வேலையை எங்கே, எப்போது ஓடவிடுவது என்பது கேள்வி. அவர் பதில்: விலை வைக்கலாம். வேலை கொடுப்பவர் கெடுவையும் கையிருப்பையும் சொல்வார். தரகர் வேலையைச் செய்யும் நிரல் ஒன்று அந்தப் பணத்துக்குள், அந்த நேரத்துக்குள் முடித்துத் தரும் இயந்திரங்களைத் தேடும். ஆஸ்திரேலியாவில் பகல் என்றால் அங்கே விலை கூடுதல், வேலைகள் அமெரிக்க இரவுக்கு நகரும். கடைசி செமஸ்டர் செமினாருக்காக இதைப் படித்தபோது, ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பேசுவது போலவே இருந்தது.

'கிரிட்' என்ற பெயரே மின்சாரத்திடம் வாங்கியதுதான். இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெஸல்மனும் 1998இல் தொகுத்து வெளியிட்ட நூல் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது. சுவரில் பிளக்கைச் செருகினால் மின்சாரம் வருவதுபோலக் கணிக்கும் திறனும் வர வேண்டும் என்பது கனவு. கனவு கண்டவர்களில் பெரும்பாலோர் பிளக்கைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும். பிளக்குக்குப் பின்னால் பங்குச் சண்டை, கால் மணி நேரப் பட்டியல், ராத்திரி போன் எல்லாம் இருக்கின்றன. புய்யா மாதிரி சிலர்தான் அந்தப் பக்கம் போய் நின்றவர்கள்.

ஒப்புமை உடையும் இடங்களும் உண்டு. கம்ப்யூட்டர் வேலையை வரிசையில் நிறுத்தலாம், காலையில் ஓடட்டும் என்று விடலாம். மின்சாரத்துக்கு வரிசை கிடையாது. வரிசையில் நிற்க வேண்டியதெல்லாம் அதிர்வெண் சரிவாக உடனே தெரியும். அதனால் கேரளத்தில் இருப்பவருக்குத் தொகுப்பின் நெருக்கடியைத் தெரிந்துகொள்ள யாரிடமும் கேட்க வேண்டாம், எதிரே மீட்டரைப் பார்த்தால் போதும். கம்ப்யூட்டர் கிரிட்டுக்கு இப்படி ஒரு பொதுநாடி இல்லை. எந்த இயந்திரம் சும்மா இருக்கிறது என்று கேட்டு, பதில் வந்து, வேலையை அனுப்புவதற்குள் வேறொருவர் அதைப் பிடித்திருப்பார். அந்தத் துறையின் பாதி ஆராய்ச்சி இந்தப் பழைய தகவலோடு மல்லுக்கட்டியதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நெய்வேலி அவர்களுக்கு முன்னோடி. எங்கள் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினால் பாதி வேகனில் தண்ணீரைத்தான் அனுப்புவோம். குவித்து வைத்தால் தானே தீப்பிடிக்கும். ஆகவே சுரங்க வாயிலிலேயே எரித்து மின்சாரத்தை அனுப்பு என்று அப்போதே முடிவு செய்தார்கள். பெரிய தரவை நகர்த்தாதே, தரவு இருக்கும் இடத்துக்குக் கணக்கை அனுப்பு என்று கிரிட்காரர்கள் பிற்பாடு சொன்னதும் இதேதான்.

இந்தியாவிலும் கருடா என்று ஒன்று வந்தது. சி-டாக் முன்னின்று 17 நகரங்களில் 45 நிறுவனங்களை இணைத்த கம்ப்யூட்டர் கிரிட். அறிவியல் வேலைகளுக்குப் பயன்பட்டது, வீட்டுச் சுவருக்கு வரவில்லை. சுவருக்கு வந்தது கிளவுட். அங்கே ஒரே முதலாளி, அவர் கட்டிடம், அவர் விலை. பங்குச் சண்டை என்ற பிரச்சனையையே இல்லாமல் செய்துவிட்டார்கள். புய்யாவும் பிறகு கிளவுட் பக்கம் போனார். பல பேருக்குச் சொந்தமானதைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் கஷ்டம் மின்சாரத்தோடு தங்கிவிட்டது.

அந்தக் கஷ்டத்தை நான் 2012இல் கண்ணால் பார்த்தேன். சென்னைக்கு வெளியே தமிழ்நாடு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கிடந்த வருஷம். ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்தால் வடலூர் தாண்டும் வரை கும்மிருட்டு, பிறகு திடீரென்று நகரியத்தின் சோடியம் விளக்குகள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் கிராமங்கள் இருட்டின் பக்கம் இருந்தன. அங்கே ஒரு டீக்கடைக்காரர், "தம்பி, புகை எங்களுக்கு, லைட் உங்களுக்கா?" என்று கேட்டார். அப்பா எனக்குச் சொன்ன பதிலை, கரண்ட் இல்லை கணக்கு என்பதை, அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கு சரிதான். தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு போதவில்லை. போதாததை எந்த ஃபீடரில் வெட்டுவது என்பது அடுத்த பட்டியல், அதில் கிராம ஃபீடர்கள் முதலில். வடக்கே வாங்கலாம் என்றால், தெற்குத் தொகுப்பு அன்று நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. நேர்மின் இணைப்புகள் வழியாக வருவதற்கு வரம்பு இருந்தது. அதே ஜூலை கடைசியில் வடக்கு மொத்தமும் இருண்டபோது நாம் தப்பியதும் அந்தத் தனிமையால்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வந்து இரண்டையும் பூட்டியது.

இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அதிர்வெண். 2019 ஏப்ரலில் இருந்து, மாநிலங்கள் கேட்டு முடித்த பிறகு, மத்திய நிலையங்களின் பட்டியலை ஒரு நிரல் எடுத்து, எங்கே எரிபொருள் மலிவோ அங்கே கூட்டி, விலை அதிகமான இடத்தில் குறைத்து, கால் மணிக்கொரு முறை திருத்துகிறது. பெங்களூர் போனைவிட இது வேகம். கெடு, கையிருப்பு, தரகர் என்று நான் செமினாரில் படம் வரைந்து காட்டியதன் தூரத்துச் சொந்தம். ஃபீடர் பட்டியல் அதன் வேலையில் சேர்த்தி இல்லை.

1962இல் தொடங்கிய முதல் நிலையத்தை 2020 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். அப்பா ரிட்டையர் ஆகி விருத்தாசலத்தில் இருக்கிறார். போன் செய்தால் முதலில் மழை உண்டா என்பார், அடுத்து, "ஃப்ரீக்வன்சி இப்ப எவ்வளவு, பாத்துச் சொல்லு" என்பார். மொபைலில் பார்த்துச் சொல்வேன். 49.97 என்றால், "யாரோ இழுக்கறான்" என்பார்.