தாய்மாரும் மிதிவண்டியும்: புதுக்கோட்டை அறிவொளியின் ஒரு பக்கம்

எழுத்தறிவு இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் எத்தனை பேர் எழுதப் படிக்கக் கற்றனர் என்ற கணக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுவர். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை அந்தக் கணக்கு மட்டும் விளக்கிவிடாது. அங்கே கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களிலும் பலர் பிள்ளை பெற்று வளர்த்து, இனித் தமக்கென்று கற்பதற்கு எதுவும் இல்லை என்று ஊரும் உறவும் தீர்மானித்துவிட்ட நடுவயதுத் தாய்மார்கள்.

நடுவயது என்ற சொல்லுக்கு அந்தக் காலக் கிராமத்தில் இருந்த பொருளை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். பதினாறு, பதினேழு வயதில் மணமான ஒருத்திக்கு முப்பத்தைந்து வயதாகும்போது மூத்த மகளுக்கு வரன் பார்க்கும் பேச்சு வந்துவிடும். நாற்பதில் அவள் பாட்டி. 1988இல் உருவான தேசிய எழுத்தறிவு இயக்கமும் 15 முதல் 35 வயது வரையிலானவர்களுக்கே முன்னுரிமை தந்தது. ஆயினும் ஊர்ப் பொதுவிடங்களிலும் கோயில் வாசல்களிலும் மாலை நேரங்களில் நடந்த வகுப்புகளுக்கு அந்த வரம்பைத் தாண்டியவர்களும் வந்து அமர்ந்தனர். வகுப்பு தொடங்கும் நேரத்தைக் கடிகாரம் அல்ல, அடுப்பே முடிவு செய்தது; உலை இறக்கி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகே தாய்மார்களால் வர முடிந்தது. களைக்கொட்டும் கல்லுடைக்கும் சுத்தியலும் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பென்சில் கனமற்ற பொருளாக இருந்ததே பெரிய இடைஞ்சல். அழுத்தம் தெரியாமல் முனை ஒடியும், தாள் கிழியும். பெருவிரலில் மை தடவி உருட்டும் ‘கைநாட்டு’ ஒரு வசைச்சொல்லாகவும் வழங்கிய ஊர்களில், தன் பெயரைத் தானே எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எழுதத் தெரிந்தே வளர்ந்தவர்கள் எளிதில் உணர மாட்டார்கள்.

1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதே இத்தகைய இயக்கங்களுக்கு முன்மாதிரி. புதுக்கோட்டையில் மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்தன; ஊதியம் வாங்காத தொண்டர்கள் பாடம் நடத்த, பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்ற கலைப்பயணக் குழுக்கள் மக்களைத் திரட்டின. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களின் நடமாட்டத்தையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே கருதினார். இந்தப் பார்வைதான் புதுக்கோட்டையைத் தனித்துக் காட்டியது. மிதிவண்டி ஓட்டக் கற்பது இயக்கத்தின் வேலைத்திட்டத்தில் சேர்ந்தது. பெண்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், கிராமச் செவிலியர் எனப் பலரும் கற்றனர். 1992இல் உலக மகளிர் நாளையொட்டி ஏறத்தாழ 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத் தெருக்களில் மிதிவண்டியில் ஊர்வலம் சென்றனர். மிதிவண்டி ஓட்டக் கற்ற ஊரகப் பெண்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதாக, இம்மாவட்டத்தில் தங்கி எழுதிய இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

அவர் குறித்துள்ள ஒரு செய்தி இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. பெண்களுக்கான வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே எடுத்துக்கொண்டனர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். இருக்கையிலிருந்து கைப்பிடி வரை செல்லும் ‘பார்’ எனப்படும் குறுக்குக் கம்பி, சேலை கட்டிய பெண்ணுக்குத் தொல்லை என்றே எவரும் நினைப்பர். தாய்மார்களோ அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று கண்டனர். கொசுவத்தை இழுத்துச் செருகி, முன்னால் கம்பியில் குழந்தையும் பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமுமாக ஒருத்தி மிதித்துச் செல்வது அம்மாவட்டச் சாலைகளில் பழகிய காட்சியாயிற்று. தாய்மையை வீட்டில் விட்டுவிட்டு அவர்கள் புறப்படவில்லை, அதையும் ஏற்றிக்கொண்டே புறப்பட்டனர் என்பதை இக்காட்சியைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லாது. விளைபொருள் விற்கும் பெண், முன்பு பேருந்துக்காகக் காத்திருந்தே பாதிப் பொழுதைக் கழித்துவிட்டு, பிள்ளைகளையும் தண்ணீரையும் நினைத்து அரைகுறை விற்பனையோடு திரும்ப வேண்டியிருந்தது. பேருந்து நிறுத்தம் வரை போவதற்குக்கூட அப்பனையோ அண்ணனையோ கணவனையோ மகனையோ நம்பியிருந்தவளுக்கு, வண்டி வந்தபின் ஒரே நாளில் பல ஊர்களுக்குச் சென்று விற்க முடிந்தது. கேலியும் அவதூறும் தொடக்கத்தில் இல்லாமல் இல்லை. ஓட்டுபவர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அவை அடங்கின.

இதே புதுக்கோட்டையில்தான் 1886இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார் என்பதும், மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கே எதிர்ப்பு எழுந்தது என்பதும் இங்கு நினைக்கத் தக்கவை. ஒரு மகள் படிப்பதற்கே அத்தனை தடை இருந்த சமஸ்தானத்தில், தாயைப் படிக்க வைக்கலாம் என்ற எண்ணம் ஊர்ப்பொது எண்ணமாக வளரப் பல பத்தாண்டுகள் ஆயின.

கல் குவாரிகளில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையைத் தாமே எடுத்தது அறிவொளிக் காலத்தின் மற்றொரு பெரிய மாற்றம். எத்தனை லோடு ஏறியது, எவ்வளவு பணம் வந்தது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டவர்கள் தாமே எழுதி வைக்கும் நிலைக்கு வந்தனர். எனினும் இயக்கத்தின் மூன்று பாடநூல்களும் முடிந்து தொண்டர்கள் கலைந்த பிறகு, வாசிக்கப் புத்தகமும் சேர்ந்து அமர இடமும் வாய்க்காத ஊர்களில் கற்ற எழுத்து மங்கத் தொடங்கியது. தொடர்கல்விக்கு உரிய கவனம் கிடைக்காமல் போனது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. மிதிவண்டி மட்டும் மங்கவில்லை. 2001க்குப் பின் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியபோது, புதுக்கோட்டைக் கிராமங்களில் அதைப் பிடித்துக்கொண்டு மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஒரு தாய் இருந்தாள்.