கூட்ஸ் வண்டிக்குள்ள என்ன இருக்கு மாமா?

எங்கள் வீட்டில் ஒரு ரயில் பைத்தியம் இருக்கிறது. அக்கா பையன், வயது ஏழு. மற்ற பிள்ளைகள் வந்தே பாரத்தைப் பார்த்துக் குதித்தால் இவன் கூட்ஸ் வண்டிதான் வேண்டும் என்பான். கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்பட்டால் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். எங்கள் ஊருக்குள் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் யாரும் கிடையாது. லீவு நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு சின்னசேலம் போவது என் வேலை. சுமார் பதினாறு கிலோமீட்டர். பிளாட்பாரம் டிக்கெட், ஒரு பாட்டில் தண்ணீர், அக்கா கட்டிக் கொடுத்த புளிசாதம். அவ்வளவுதான் எங்கள் டூர்.

கூட்ஸ் வண்டிக்குப் பயணிகள் ரயில் மாதிரி டைம் டேபிள் கிடையாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் வராத நாள் உண்டு. வடக்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சேலம் - விருத்தாசலம் பாதை ஒற்றை வழி. எதிரில் எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸை லூப் லைனில் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி.

ஓடுகிற வண்டி என்றால் பெட்டி எண்ணுவோம். நின்ற வண்டி என்றால் விளையாட்டே வேறு. ஒவ்வொரு வேகன் மேலும் பதினோரு இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. ஐந்தாவதும் ஆறாவதும் அது கட்டப்பட்ட வருஷம். இது தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிளாட்பாரத்தில் நின்றபடியே "மாமா, 18! என் வயசு வேகன்!" என்று கத்துவான். என் 04 கிடைத்தால் "இது கிழவன் வேகன்" என்பான். :)

ஒருநாள் மூடின வேகன்களாகவே ஒரு வண்டி வந்து நின்றது. எல்லாக் கதவிலும் சீல். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டான். "மாமா, இதுக்குள்ள என்ன இருக்கு? யாருக்குப் போவுது?"

அரிசியா இருக்கும்டா, உரமா இருக்கும்டா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் 'யாருக்குப் போகிறது' என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் படிப்பது பி.காம். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதுதான் எங்கள் பாடமே. அதற்குப் பதில் தேடிப் போய்ப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆச்சரியம். இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால் 1853 ஏப்ரல் 16, பம்பாய் - தானே என்று எல்லோரும் ஒப்பிப்போம். பரீட்சைக்கு அது சரி. ஆனால் அது முதல் பயணிகள் ரயில்தான். அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1837-ல், நம் சென்னையில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு தண்டவாளம் இருந்தது. சாலை போடக் கருங்கல் கொண்டுவருவதற்காகப் போட்டது. பின்னாளில் கோதாவரி அணை கட்டிய ஆர்தர் காட்டனுக்கு அதில் பங்கு உண்டு. ஆக, இந்த நாட்டின் முதல் ரயிலே ஒரு கூட்ஸ் வண்டி! ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஆட்கள் ஏறிப் போனது 1856 ஜூலை 1-ல்தான். நாம் ரயிலில் ஏறியது பிறகு, கல் ஏறியது முதலில். இதைச் சொன்னதும் அக்கா பையனுக்கு ஒரே பெருமை, ஏதோ அவனே போட்ட லைன் மாதிரி.

அடுத்தது தண்டவாளத்தின் அகலம். 1870-ல் வைஸ்ராய் மேயோ காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் போடலாம் என்று முடிவு செய்தார்கள். அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், இது 1000. சிக்கனம் எந்த அளவுக்குப் போனது என்றால், நாகப்பட்டினம் - திருச்சி பாதையை முதலில் அகலமாகப் போட்டுவிட்டு 1875-ல் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். சேலம் வழியாகப் போன சென்னை - மேற்குக் கரைப் பாதை மட்டும் 1860-களிலிருந்தே அகலம். பிறகு 1930 வாக்கில் வந்த நம் சேலம் - விருத்தாசலம் பாதையோ மீட்டர் கேஜ். விளைவு? ஒரு கேஜ் வேகன் இன்னொரு கேஜில் ஓடாது. அகலப் பாதையில் வந்த மூட்டை மீட்டர் கேஜில் போகவேண்டும் என்றால், யாரோ ஒருவர் அதை முதுகில் சுமந்து இந்த வேகனிலிருந்து அந்த வேகனுக்கு மாற்றவேண்டும். போட்டபோது மிச்சம் பிடித்த பணத்தை, பிறகு ஒவ்வொரு மூட்டைக்கும் கூலியாகவும் தாமதமாகவும் திருப்பிக் கட்டினோம். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் நான் கேட்டதில்லை. 1992-ல் ஒரே கேஜ் திட்டம் வந்து, எங்கள் பாதை அகலமானது 2000-களில்தான். எஞ்சின் மேல் எழுதியிருக்கும் டபிள்யூ, ஏ, ஜி என்ற எழுத்துகளில் முதல் எழுத்து அகலப் பாதையைக் குறிக்கும், அடுத்தது மின்சாரம், மூன்றாவது கூட்ஸ். மீட்டர் கேஜ் எஞ்சினுக்கு முதல் எழுத்து ஒய். என் அப்பா தலைமுறை பார்த்தது ஒய், இவன் பார்ப்பது டபிள்யூ.

இதுவரை எழுதியதெல்லாம் ஜாலியான சரித்திரம். இனிமேல் எழுதப்போவது அப்படி இல்லை. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு நிஜமான பதில் இங்கேதான் இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை. கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19.7 லட்சம். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. எங்கள் பக்கத்து ஜில்லாவின் கதை இது.

கவனிக்கவேண்டிய விஷயம், அப்போது சேலத்தில் ரயில் இருந்தது. ஏறக்குறைய பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் அரிசி சென்னைக்கு வந்தது, அங்கிருந்து ரயிலில் உள்நாட்டுக்கும் போனது. தண்டவாளம் இருந்தது, வேகன் இருந்தது, அரிசியும் இருந்தது. பிறகு ஏன் ஜனங்கள் செத்தார்கள்?

ஏனென்றால் வேகன் பசி இருக்கிற இடத்துக்குப் போகவில்லை, விலை இருக்கிற இடத்துக்குப் போனது. ரயில் வருவதற்கு முன் ஒரு ஊரின் தானியம் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடந்தது. மாட்டு வண்டியில் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும்? ரயிலும் தந்தியும் வந்த பிறகு, எங்கே விலை ஏறுகிறது என்று வியாபாரிக்கு உடனே தெரியும், சரக்கும் அங்கே உடனே போகும். கையில் காசு இல்லாத விவசாயக் கூலியும் நெசவாளியும் எந்த விலைக்கும் வாங்க முடியாதவர்கள். மார்க்கெட்டின் கணக்கில் அவர்களுடைய பசி 'டிமாண்ட்' ஆகாது. எக்கனாமிக்ஸ் முதல் வருஷப் பாடத்தில் ஒற்றை வரியாகப் படித்துவிட்டுத் தாண்டிய விஷயம் இது. சேலத்தின் அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு அந்த வரியை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

அரசாங்கமே தானியம் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். பக்கிங்ஹாம் பிரபு கவர்னராக இருந்த சென்னை அரசாங்கம் ஆரம்பத்தில் 30,000 டன் வாங்கத்தான் செய்தது. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக்கூடாது என்று மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அதற்குக் கல் உடைக்கவேண்டும், மண் சுமக்கவேண்டும்.

ஆகவே 'ரயில் வந்தது, பஞ்சம் போனது' என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். 'ரயில்தான் பஞ்சத்தைக் கொண்டுவந்தது' என்பதும் பாதி உண்மைதான். மழை பொய்த்ததும் உண்டு, ரயில் கொண்டுவந்த அரிசியால் பிழைத்தவர்களும் உண்டு. வண்டிக்குத் தானாகக் கருணை கிடையாது. அது எங்கே போகவேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த முடிவு ஒரு காலத்தில் மாறியது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் ஆரம்பித்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான். விளைகிற இடத்தில் அரசாங்கம் வாங்கும், கிடங்கில் வைக்கும், கூட்ஸில் ஏற்றி, விலை குறைவாக இருந்தாலும் தேவை இருக்கிற ஊருக்கு அனுப்பும். 1877-ல் மேலிடம் கூடாது என்றதை இன்றைக்கு அரசாங்கமே தினமும் செய்கிறது. ரேஷன் கடையில் குறை சொல்ல நூறு விஷயம் உண்டு, நானும் சொல்வேன். ஆனால் அதே தண்டவாளம், அதே மாதிரி மூடின வேகன், உள்ளே அதே அரிசி. மாறியிருப்பது 'யாருக்கு' என்பது மட்டும்தான்.

இன்றைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022-23-ல் இந்திய ரயில்வே ஏற்றிய சரக்கு 151 கோடி டன்னுக்கு மேல். அந்த வருஷ வருமானம் சுமார் 2.40 லட்சம் கோடி ரூபாய், அதில் சரக்கிலிருந்து மட்டும் சுமார் 1.62 லட்சம் கோடி. அதாவது நாம் குறைந்த கட்டணத்தில் பாசஞ்சரில் போய்வருவதற்கு மீதிக் காசு கட்டுவது லூப் லைனில் நமக்காக ஒதுங்கி நிற்கிற கூட்ஸ்தான். நம் ரயில் லேட்டானால் அதைத்தான் திட்டுகிறோம்.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புதிய பாதை என்பது நான் சின்னப் பையனாக இருந்தபோதே கேட்ட பேச்சு. 2023-ல் அவனைக் கூட்டிப்போய் மண் கொட்டி மேடாக்கியிருந்த இடத்தைக் காட்டினேன். தண்டவாளம் இல்லை, வெறும் மேடு. "இதுல கூட்ஸ் வருமா மாமா?" என்றுதான் முதலில் கேட்டான். கரும்பும் நெல்லும் மலையிலிருந்து இறங்குகிற மரவள்ளியும் லாரி லாரியாகப் போகிற ஊர் இது. பாதை போட்டால் எக்ஸ்பிரஸ் எத்தனை நிற்கும் என்று மட்டும் பெரியவர்கள் கேட்கிறோம். அவன் கேட்டது அதைவிட நல்ல கேள்வி.

கடைசியாக ஒன்று. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டு இருப்பார். 2022 முதல் அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர். அறுபது வேகன் தடதடவென்று போய் முடியும்வரை காத்திருந்து இவன் அவருக்கு டாட்டா காட்டுவான். பெரும்பாலும் அவரும் கையசைப்பார்.

போன தடவை ஒரு அரிசி வண்டி அப்படிப் போனது. உள்ளே இருப்பது யாருக்குப் போகிறது என்று இந்த முறை நான் முந்திக்கொண்டு சொன்னேன். "ரேஷன் கடைக்குடா. நம்ம கடைக்குக்கூட வரலாம்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப அந்த மலையில இருக்கறவங்களுக்கும் போவுமா?"

போகும்டா என்றேன். போகவேண்டும்.