கோலடித்தவர் போன பிறகு
கால்பந்துச் சுவடுகள் – 14

சென்ற வாரம் 2018 மார்ச் 17-ஆம் திகதி பெங்களூரில் நிறுத்தியிருந்தோம். பெங்களூருவின் சுனில் சேத்ரி முதல் கோலை அடித்தும், பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வீழ்த்தி, இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தை இரண்டாம் முறையாகத் தூக்கியது சென்னையின் எஃப்.சி. இந்த வாரம் அந்தக் கழகம் விழுந்த கதை. மலையகத்தில் அணி நடத்துகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கதையும் இதுதான்.

அந்தச் சம்பியன் பருவத்தில் மிசோரமைச் சேர்ந்த ஜெஜே லால்பெக்லுவா 9 கோல்கள் அடித்தார். அடுத்த பருவத்தில் அவருக்குக் கோல் அரிதாகிப்போனது. அவரிடமிருந்த பாரத்தைப் பங்குபோட வாங்கிய கார்லோஸ் சலோமும் கைகொடுக்கவில்லை. பருவத்தின் பாதியில், 2019 ஜனவரியில், கேரளா பிளாஸ்டர்ஸிடமிருந்து சி.கே.வினீத்தை இரவலாகக் கொண்டுவந்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள். நடப்புச் சம்பியனுக்குக் கடைசி இடம்.

பிறகு லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் வந்தார். இவர் வந்த அன்றே எல்லாம் மாறிவிடவில்லை. 2019–20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நவம்பர் 25-ஆம் திகதி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஐந்தாவது ஆட்டம், எதிரணி ஹைதராபாத். 90 நிமிடங்கள் முடிந்தும் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் சென்னையின் ஷெம்ப்ரி ஒரு கோல் அடிக்க, அரங்கமே எழுந்தது. உடனே ஹைதராபாத் சமன் செய்ய, எழுந்தவர்கள் அப்படியே வாயடைத்து நின்றார்கள். அடுத்த நிமிடமே வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலைப் போட்டார். அதன்பின் அவர் நிற்கவில்லை. பயிற்றுநர் ஜோன் கிரெகரி விலகி ஓவன் கொய்ல் வந்தார். நடுக்களத்தில் பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தை எடுத்துக் கொடுக்க, முன்னால் வால்ஸ்கிஸ் முடித்து வைத்தார். 15 கோல்கள், தங்கப் பாதணி, இறுதிப் போட்டி. 2020 மார்ச் 14-ஆம் திகதி, கொவிட் அச்சத்தால் பூட்டப்பட்ட கோவா அரங்கில், ஏ.டி.கே. அணியிடம் 1–3 என்று தோற்றார்கள். சென்னையின் அந்த ஒரு கோலும் வால்ஸ்கிஸ் அடித்ததே.

கழகத்தின் பெரும் இழப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கொய்ல் ஜம்ஷெட்பூர் அணிக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஜெஜே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஒரே இடைவேளையில் பயிற்றுநரும் போய், கோலடிக்கும் காலும் போய்விட்டது.

கழகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். ஸ்லோவாக்கியாவின் யாகுப் சில்வெஸ்டரை வாங்கினார்கள். 2013–14-இல் ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக்கில் 15 கோல்கள் அடித்தவர். ஸ்கொட்லாந்தில் ஆடிய எஸ்மாயெல் கொன்சால்வெஸையும் எடுத்தார்கள். பெயரும் அனுபவமும் இருந்தன. புதிய பருவத்தின் முதல் ஆட்டமே ஜம்ஷெட்பூருடன். முதல் நிமிடத்திலேயே சென்னையின் அனிருத் தாபா கோல் அடித்தார். கொன்சால்வெஸ் பெனால்டியில் இன்னொன்று போட்டார். ஜம்ஷெட்பூரின் ஒரே கோலை அடித்தவர் வால்ஸ்கிஸ். 2–1 வெற்றி. ‘போனவரால் நட்டமில்லை’ என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்கலாம்.

பருவம் முழுவதும் பார்த்தால் கணக்கு வேறு. 20 ஆட்டங்களில் 17 கோல்கள்தான். 3 வெற்றி, 11 சமநிலை, 6 தோல்வி, எட்டாம் இடம். வாங்கிய கோல்கள் 23 என்பதால் பின்களத்தைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அந்தச் சமநிலைகளில் ஆறை ஒரு கோல் வெற்றியாக மாற்றியிருந்தால் அரையிறுதியை எட்டிப் பார்த்திருக்கலாம். கிரிவெல்லாரோ பாதியில் காயப்பட்டு விலகியதும் பந்து கொடுக்கவும் ஆள் இல்லாமல் போனது. அடுத்த பருவத்திலும் அதே 20 ஆட்டங்கள், அதே 17 கோல்கள், அதே எட்டாம் இடம். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸையே திரும்ப அழைத்து வந்தும் அணி நிமிரவில்லை. பழைய பயிற்றுநரும் இல்லை, பழைய கூட்டும் இல்லை; அவர் மட்டும் வந்து என்ன செய்வார்?

தோட்டத்தில் பிறந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வெற்றிடத்தில் கன்றை நட்ட மறுமாதமே கொழுந்து கிள்ள முடியாது. முன்கள வீரரும் அப்படித்தான். வால்ஸ்கிஸுக்கே நான்கு ஆட்டங்கள் பிடித்தன. அவரைப் பொறுத்துக்கொள்ள அணி இருந்தது, பந்து ஊட்ட ஆள் இருந்தது. கோலடிப்பவரை விலைக்கு வாங்கலாம். அந்தக் கூட்டை வாங்க எந்தச் சந்தையிலும் முடியாது. ஆண்டாண்டாகக் கட்டித்தான் காக்க வேண்டும்.

ஹட்டன் டன்பார் மைதானத்தில் பந்துதைக்கும் பையன்களை வைத்து அணி கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம்மிடம் சென்னையின் பணம் இல்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நம் பையன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறான். அவனோடு நம் முன்களமும் பஸ் ஏறிவிடுகிறது. ஆகவே ஒருவனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோலடிப்பவனுக்குப் பின்னால் இன்னொருவனைப் பதினைந்து வயதிலேயே தயார்செய்யுங்கள். பந்து கொடுப்பவனையும் முடிப்பவனையும் சேர்த்தே வளருங்கள். பயிற்றுநரை வருடாவருடம் மாற்றாதீர்கள். பணம் இருந்த கழகமே தவறவிட்ட பாடம் இது. பணம் இல்லாத நாம் தவறவிடவே கூடாது.

அடுத்த வாரம்: நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் 2021 சுப்பர் லீக்கும்.